வாசகர் கேள்வி–பதில்: லினக்ஸில் ஒலிப்பதிவும் தவறும் நேரமும்

இம்முறை ஒலிப்பதிவு குறித்து வந்த கடிதங்களுள் ஐந்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். ஐந்தும் கொங்கு நாட்டிலிருந்து வந்தவை. ஐந்தும் லினக்ஸ் கணினியில் ஒலியைப் பதியும்போது நேரம் ஏன் தவறுகிறது என்ற ஒரே சிக்கலைச் சுற்றி அமைந்தவை.

ஐயா, வணக்கம். அண்ணமார் கதையை உடுக்கடித்துப் பாடத் தெரிந்த பெரியவர்கள் எங்கள் பக்கத்தில் இப்போது மிகச் சிலரே இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் பாடியதை ஓர் இரவு முழுவதும் பதிவு செய்தோம். ஒலியை யூஎஸ்பி மிக்சர் வழியாக உபுண்டு மடிக்கணினியிலும், படத்தைக் கைப்பேசியிலும் எடுத்தோம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் தொடக்கத்தில் விரல் உடுக்கையில் படுவதும் ஒலியும் சரியாகப் பொருந்துகின்றன. மூன்று மணி நேரம் கடந்ததும் ஒலி அரை நொடி பிந்தி வருகிறது. இரண்டு கருவிகளிலும் சாம்பிள் ரேட் 48,000 என்றுதான் இருந்தது. பிழை எதில் இருக்கிறது?
— ஒரு வாசகர், காங்கேயம்

பிழை என்று எந்தக் கருவியையும் குற்றம் சொல்ல முடியாது. நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவை ஒரு கணத்தில் எடுத்துக் குறிக்கும் எண்) என்று இரண்டிலும் எழுதியிருந்தாலும், அந்த நொடியை ஒவ்வொரு கருவியும் தன்னுள் இருக்கும் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு தானே அளந்துகொள்கிறது. எந்த இரண்டு படிகங்களும் முற்றிலும் ஒன்றுபோல் துடிப்பதில்லை. சாதாரணக் கருவிகளில் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு வேறுபாடு இருப்பது இயல்பே. காங்கேயத்திலிருந்து சிவன்மலைக்கு இருவர் நடந்து போய், ஒவ்வொருவரும் தம் காலடிகளை எண்ணிக்கொண்டே போனால், எண்ணிக்கையில் இருவருமே தவறாவிட்டாலும் அடியின் நீளம் மயிரிழை வேறுபடுவதால் மலையடிவாரத்தில் இருவருக்கும் வேறு வேறு எண் கிடைக்கும் அல்லவா, அதைப் போன்றதுதான் இது. பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு வேறுபாடு என்றால் ஒரு மணி நேரத்தில் 0.18 நொடியும், மூன்று மணி நேரத்தில் 0.54 நொடியும் விலகும். தாங்கள் கண்ட அரை நொடி இதற்கு மிக நெருக்கமாக இருக்கிறது.

ஆனாலும் இதுவே காரணம் என்று முடிவு கட்டுமுன் ஒன்றைச் சோதிக்க வேண்டும். பல கைப்பேசிகள் படச்சட்டங்களைச் சீரான இடைவெளியில் எடுப்பதில்லை. வெளிச்சம் குறையும்போது சட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்கின்றன. இரவு நிகழ்ச்சியில் இது நடக்க வாய்ப்பு அதிகம். படத்தொகுப்பு மென்பொருள் அதை மாறாத வேகம் என்று எடுத்துக்கொண்டால் படமே இடம் மாறிவிடும். ஆகவே தொகுப்பு மென்பொருளில் கைப்பேசியின் படத்தை அதே கைப்பேசி பதிந்த ஒலியோடு முதலில் ஓட்டிப் பாருங்கள். முடிவு வரை இவை இரண்டும் ஒட்டியே வந்தால் படத்தில் குறையில்லை. கைப்பேசிக்கும் மிக்சருக்கும் இடையில் இருக்கும் படிக வேறுபாடே காரணம். ஒட்டாமல் போனால் எஃப்எஃப்எம்பெக் என்னும் நிரலைக் கொண்டு படத்தை மாறாத சட்ட வீதத்துக்கு மாற்றிய பிறகே ஒலியைத் தொட வேண்டும்.

அடுத்து அளக்க வேண்டும். கைப்பேசி பதிந்த ஒலியிலும் மிக்சர் வழி பதிந்த ஒலியிலும் தெளிவாகக் கேட்கும் உடுக்கை அடிகள் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்று தொடக்கத்துக்கு அருகிலும் மற்றது முடிவுக்கு அருகிலும் இருக்கட்டும். ஆடாசிட்டி என்னும் ஒலித்தொகுப்பு நிரலில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, இரண்டு அடிகளுக்கும் இடைப்பட்ட நேரத்தை ஒவ்வொரு கோப்பிலும் குறித்துக்கொள்ளுங்கள். மிக்சர் கோப்பில் 10,800.00 நொடியும் கைப்பேசிக் கோப்பில் 10,799.46 நொடியும் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் எண்ணை இரண்டாவதால் வகுக்கக் கிடைப்பது 1.00005. ஒலி பிந்துகிறது என்பதன் பொருள், மிக்சரின் படிகம் கைப்பேசியினுடையதைக் காட்டிலும் சற்று விரைவாகத் துடித்து, கூடுதல் சாம்பிள்களை எழுதிவிட்டது என்பதே. சாக்ஸ் நிரலின் ஸ்பீடு என்னும் விளைவுக்கு 1.00005 என்ற எண்ணைக் கொடுத்தால் ஒலி முழுவதும் சீராகச் சுருங்கி, முடிவு வரை படத்தோடு பொருந்திவிடும். இதனால் சுருதியும் மாறுமே என்று தயங்க வேண்டாம். அம்மாற்றம் ஓர் அரைச்சுரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. எந்தக் காதுக்கும் அது எட்டாது. மூலக் கோப்பை மட்டும் எக்காரணத்தாலும் அழித்துவிடாதீர்கள். அந்தப் பெரியவரின் குரல் மறுபடி கிடைக்கும் என்று யாராலும் உறுதி கூற முடியாது.

அங்கங்கே இருக்கும் அமைதியான இடங்களை வெட்டி நேரத்தைச் சரிக்கட்டும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. உடுக்கடிப் பாட்டில் அமைதியும் கதையின் பகுதி என்பதால் அதைத் தொட வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். அடுத்த இரவு பதியும்போது தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் கேமராவுக்கு முன் கை தட்டிக்கொண்டால் மேற்சொன்ன அளவைச் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம்.

ஒரே கணினியில் இரண்டு யூஎஸ்பி மைக்குகளைச் செருகிப் பதிவோருக்கும் இதே விலகல் நேரும். நிரல்களுக்கும் கருவிகளுக்கும் இடையே ஒலியைக் கொண்டுசெல்லும் பைப்வயர் இருக்கும் கணினிகளில் ஒரு கருவியின் துடிப்பை முதன்மையாக வைத்துக்கொண்டு, மற்றதன் வேகத்தைத் தொடர்ந்து நுணுக்கமாகத் திருத்தி ஒட்டவைக்கும் ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது. லினக்ஸின் அடிப்படை ஒலி அமைப்பான ஆல்சா வழியாக இரண்டையும் நேரடியாகத் திறந்தால் அந்தத் திருத்தம் கிடைக்காது.

என் தந்தையார் 1980களில் பதிந்த வள்ளி கும்மிப் பாடல்கள் அறுபது நிமிடக் கேசட் ஒன்றில் இருக்கின்றன. லினக்ஸ் கணினியில் அவற்றை ஏற்றியபோது, ஒரு பக்கம் முப்பது நிமிடம் ஓட வேண்டியது 27 நிமிடம் 34 நொடியில் முடிந்துவிடுகிறது. குரல்களும் மெலிந்து கீச்சென்று கேட்கின்றன. கேசட் பிளேயரில் போட்டுக் கேட்டால் சரியாகவே இருக்கிறது. எதை மாற்ற வேண்டும்?
— ஒரு வாசகி, திருப்பூர்

தாங்கள் நேரத்தை நொடி வரை குறித்து எழுதியிருப்பதால் விடை எளிதாகிறது. 1,800 நொடியை 44,100-ஆல் பெருக்கி 48,000-ஆல் வகுத்துப் பாருங்கள், 1,653.75 நொடி வரும். அது 27 நிமிடம் 34 நொடியேதான். ஒலி அட்டை நொடிக்கு 44,100 சாம்பிள் கொடுத்திருக்க, பதிவு செய்த நிரல் கோப்பின் தலைப்பில் 48,000 என்று எழுதிவிட்டது. ஓட்டும் நிரல் தலைப்பை நம்பி 8.8 விழுக்காடு வேகமாக ஓட்டுகிறது. சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடுகிறது.

இது எப்படி நேர்கிறது என்றும் சொல்ல வேண்டும். ஒரு நிரல் ஆல்சாவிடம் குறிப்பிட்ட வீதத்தைக் கேட்கும்போது, அந்த வீதம் வன்பொருளில் இல்லாவிட்டால் அதற்கு மிக நெருங்கிய வீதத்தை ஆல்சா அமைத்து, அமைத்தது என்ன என்பதையும் திருப்பிச் சொல்கிறது. நன்கு எழுதப்பட்ட நிரல் அந்த விடையைப் படித்துப் பார்க்கும். ஆல்சாவோடு வரும் ஏரெக்கார்டு நிரல், கேட்ட வீதமும் கிடைத்த வீதமும் பெரிதாக வேறுபட்டால் எச்சரிக்கை ஒன்றை அச்சிடுகிறது. எல்லா நிரல்களும் அவ்வளவு பொறுப்பாக எழுதப்படுவதில்லை.

தங்கள் கோப்பில் உள்ள சாம்பிள்கள் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. அவற்றின் மேல் ஒட்டிய எண் மட்டுமே தவறு. ஆகவே இதற்கு ரீசாம்பிளிங் (சாம்பிள்களையே வேறு வீதத்துக்குக் கணக்கிட்டு மாற்றுவது) செய்யவே கூடாது. செய்தால் தவறான வேகம் நிலைபெற்றுவிடும். சாக்ஸ் நிரலுக்கு உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்பாக வீதம் 44,100 என்று கொடுத்தால் அது தலைப்பில் உள்ள எண்ணைப் புறக்கணித்துத் தாங்கள் சொன்னதை ஏற்கும். ஆடாசிட்டியில் டிராக்கின் பட்டியலில் வீதத்தை மாற்றினாலும் அதே பயன் கிடைக்கும். ஆனால் அங்கே ரீசாம்பிள் என்று தனியாக ஒரு கட்டளை இருக்கிறது. அதைத் தொட வேண்டாம்.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனையும் சொல்கிறேன். கைப்பேசியில் 1,000 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பி, கேசட்டைப் பதிந்த அதே அமைப்பில் பதிந்து, அலைநிறமாலையை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படத்தை) பாருங்கள். 1,088 ஹெர்ட்ஸில் கோடு விழுந்தால் மேலே சொன்னதே காரணம். கேசட் பிளேயர்களின் பட்டை வேகமும் சற்றே கூடிக் குறையும் என்பதால் கேசட்டை மட்டும் கொண்டு தீர்மானிப்பதைவிட இது நம்பகமானது.

நான் கோவையில் பொறியியல் படிக்கிறேன். மோட்டார் பம்புகளின் ஓசையைக் கொண்டு பேரிங் தேய்மானத்தைக் கண்டறியும் செய்முறை ஒன்றைச் செய்கிறேன். யூஎஸ்பி மைக்கிலிருந்து நொடிக்கு 16,000 சாம்பிள் வீதம் எடுக்கிறேன். இரண்டு சிக்கல்கள். ஒன்று, ஒவ்வொரு துண்டையும் படித்தவுடன் கணினி நேரத்தைக் குறித்துக்கொண்டால் இடைவெளிகள் சீராக இல்லை. இரண்டு, 5,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு கோடு தெரிகிறது. அளவி கொண்டு பார்த்தால் பம்பில் அப்படி ஓர் அதிர்வே இல்லை.
— ஒரு மாணவர், கோயம்புத்தூர்

இரண்டாவதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது தங்கள் ஆய்வின் முடிவையே பொய்யாக்கிவிடக்கூடியது. தங்கள் மைக் 48,000 மட்டுமே தரக்கூடியதாக இருக்கலாம். ப்ராக் கோப்பகத்தில் ஏசவுண்ட் என்பதனுள், அந்த அட்டைக்குரிய ஸ்ட்ரீம்0 என்னும் கோப்பைத் திறந்தால் கருவி ஏற்கும் வீதங்கள் வரிசையாக இருக்கும். 16,000 அதில் இல்லாமலும் தங்கள் நிரல் ஓடுகிறது என்றால், இடையில் ஆல்சாவின் பிளக் என்னும் அடுக்கு வீதத்தை மாற்றித் தருகிறது. கருவியின் பெயர் பிளக்-எச்டபிள்யூ என்று தொடங்கினால் இந்த அடுக்கு இருக்கிறது. வெறும் எச்டபிள்யூ என்றால் இல்லை. ஆல்சா செருகுநிரல்கள் தனியாக நிறுவப்பட்டிருந்தால் ஸ்பீக்ஸ் முறையில் ஓரளவு நல்ல மாற்றம் நடக்கும். நிறுவப்படாவிட்டால் அடுத்தடுத்த இரண்டு சாம்பிள்களுக்கிடையே நேர்கோடு வரையும் எளிய முறையே பயன்படும்.

அந்த எளிய முறையில் வடிகட்டி என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. 16,000 வீதத்தில் 8,000 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே உண்மையாகக் காட்ட முடியும்; அதற்கு மேற்பட்டவற்றை வீதத்தைக் குறைப்பதற்கு முன்பே நீக்கியாக வேண்டும். நீக்காவிட்டால் 11,000 ஹெர்ட்ஸில் இருக்கும் உண்மையான ஓசை, 16,000-லிருந்து 11,000-ஐக் கழித்த 5,000 ஹெர்ட்ஸில் மடிந்து வந்து நிற்கும். தாங்கள் காணும் கோடு அதுவாக இருக்கலாம். சரிபார்க்க, எச்டபிள்யூ கருவியை நேரடியாகத் திறந்து 48,000-லேயே பதியுங்கள். 11,000 அருகே கோடு தெரிந்து, 5,000-இல் ஒன்றும் இல்லை என்றால் காரணம் கிடைத்துவிட்டது. 16,000 உண்மையிலேயே தேவைப்பட்டால், பதிந்த கோப்பைச் சாக்ஸின் ரேட் விளைவில் மிக உயர் தரம் என்ற தேர்வோடு பிறகு மாற்றிக்கொள்ளலாம். தேய்ந்த பேரிங்கின் அடையாளங்கள் பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில் முதலில் தலைகாட்டுவதால், 48,000-லேயே ஆராய்வது நல்லது என்பது என் கருத்து.

இனி நேரம். துண்டைப் படிக்கும் கட்டளை முடிந்து தங்கள் நிரல் விழித்தெழும் கணமும், சாம்பிள் மைக்கில் பிடிபட்ட கணமும் வேறு வேறு. இடையில் யூஎஸ்பி மூட்டைகள், ஆல்சாவின் பஃபர் (சாம்பிள்கள் தற்காலிகமாகக் காத்திருக்கும் நினைவிடம்), லினக்ஸின் மையமான கர்னல் தங்கள் நிரலுக்கு முறை கொடுக்கும் வரையிலான காத்திருப்பு ஆகிய யாவும் இருக்கின்றன. 1,024 சாம்பிள் கொண்ட ஒரு பீரியடே (ஆல்சா ஒரு முறையில் தரும் துண்டு) 48,000-இல் 21.3 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆல்சாவின் நிலைக் குறிப்பிலிருந்து நேர முத்திரையையும், பஃபரில் இன்னும் படிக்காமல் காத்திருக்கும் சாம்பிள்களின் எண்ணிக்கையையும் ஒரே அழைப்பில் பெறுங்கள். காத்திருப்பவற்றையும் இப்போது படித்தவற்றையும் கூட்டி, வீதத்தால் வகுத்து, முத்திரை நேரத்திலிருந்து கழித்தால், தாங்கள் படித்த துண்டின் முதல் சாம்பிள் பிடிபட்ட நேரம் கிடைக்கும். முத்திரையின் வகையை மோனோடோனிக் (பின்னோக்கிக் குதிக்காத கடிகாரம்) என்று அமையுங்கள். சுவர்க்கடிகார நேரத்தைப் பயன்படுத்தினால், இணையத்தோடு கணினி தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளும் கணத்தில் தங்கள் அளவீடு முன்னோ பின்னோ குதிக்கும்.

இவ்வாறு பெற்ற நேரங்களிலும் சிறு நடுக்கம் எஞ்சியிருக்கும். சாம்பிள் எண்ணிக்கையை நிலை அச்சிலும் நேரத்தைக் கிடை அச்சிலும் வைத்து, நீண்ட பதிவின் ஊடாக ஒரு நேர்கோட்டைப் பொருத்துங்கள். அக்கோட்டின் சாய்வுதான் தங்கள் மைக்கின் உண்மையான சாம்பிள் ரேட். பம்பின் ஓசையை மின்னோட்டத்தோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் இந்த எண் பெரிதும் உதவும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் இருதுருவ மோட்டாரின் சுழற்சி, சுமையில் நிமிடத்துக்கு 2,880 அளவில், அதாவது 48 ஹெர்ட்ஸ் அருகில் அமையும். மின்சாரத்தின் 50-க்கும் சுழற்சியின் 48-க்கும் இடையில் உள்ள இந்த நழுவல் சுமைக்கேற்ப மெல்ல மாறுவதைப் பின்தொடர, சாம்பிள்களின் நேரம் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும்.

எந்தச் சாம்பிள் ரேட்டில் பதிவது நல்லது? 44,100-ஆ, 48,000-ஆ, 96,000-ஆ?
— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

பேச்சு, நாட்டுப்புறப் பாடல், காணொளி ஆகிய எல்லாவற்றுக்கும் 48,000 போதும். 24 பிட் ஆழத்தில் பதியுங்கள். 44,100 என்னும் எண், டிஜிட்டல் ஒலியை ஒளிநாடாக்களில் சேமித்த காலத்தில் பிறந்தது. நொடிக்கு அறுபது புலங்கள், புலத்துக்கு 245 வரிகள், வரிக்கு மூன்று சாம்பிள்கள் என்று பெருக்கினால் அது வரும். குறுந்தகடு அதை ஏற்றுக்கொண்டதால் நிலைத்தது. தங்கள் பாடல்கள் குறுந்தகட்டுக்குப் போகாவிட்டால் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணமில்லை. பைப்வயர் தானாகவே 48,000-இல் இயங்குவதால் தேவையற்ற ஒரு மாற்றமும் தவிர்க்கப்படும்.

44,100-லிருந்து 48,000-க்கு மாற்றுவது 147-க்கு 160 என்ற விகிதம். நல்ல நிரல் அதைக் காதுக்குத் தெரியாமல் செய்துவிடும். ஆனால் ஒரே ஒலியை மூன்று இடங்களில் மூன்று முறை மாற்றிக்கொண்டிருப்பது வீண். மாற்றம் வேண்டுமானால் இறுதியில் ஒரே ஒரு முறை செய்யுங்கள்.

எங்கள் கோயில் விழாவில் பம்பை மேளத்தை ஏரெக்கார்டு கொண்டு நேரடியாகப் பென்டிரைவில் பதிந்தேன். அங்கங்கே டக்கென்று ஒலி அறுபடுகிறது. திரையில் ஓவர்ரன் என்று வந்தது. ரியல்டைம் கர்னல் போட வேண்டும் என்கிறார்கள். உண்மையா?
— ஒரு வாசகர், ஈரோடு

வேண்டியதில்லை. ரியல்டைம் ஏற்பாடு (நிரலுக்கு உரிய நேரத்துக்குள் முறை கிடைக்கச் செய்வது) 2024-இல் வெளியான 6.12 கர்னலிலிருந்து மையத் தொகுப்பிலேயே சேர்ந்துவிட்டது உண்மைதான். ஒலியை உடனுக்குடன் திருப்பிக் கேட்டபடி வாசிப்போருக்கு அது பயன்படும். தாங்கள் செய்வது பதிவு மட்டுமே; அதற்குத் தேவை விரைவன்று, பொறுமையான பெரிய பஃபர். பென்டிரைவ் எழுதும்போது இடையிடையே சில நொடிகள் திணறி நிற்கும். ஏரெக்கார்டு எழுதுவதற்காகக் காத்திருக்கும் அந்த நேரத்தில் ஆல்சாவின் பஃபர் நிரம்பி வழிந்து, சாம்பிள்கள் தொலைந்துபோகின்றன. அதைத்தான் ஓவர்ரன் என்று நிரல் சொல்கிறது. குறைந்தது எத்தனை மில்லிநொடி தொலைந்தது என்பதையும் உடன் அச்சிடுகிறது.

கணினியின் உள்வட்டில் பதிந்து, விழா முடிந்தபின் பென்டிரைவுக்கு நகலெடுங்கள். பஃபர் நேரம் என்னும் தேர்வில், கருவி அனுமதிக்கும் அளவுக்குப் பெரிய எண்ணைக் கொடுங்கள். அது மைக்ரோநொடியில் எழுதப்படுவது என்பதை மறக்க வேண்டாம். வடிவத்தையும் வீதத்தையும் சொல்லாமல் ஏரெக்கார்டை ஓட்டினால் 8 பிட், 8,000 ஹெர்ட்ஸ், ஒற்றைத் தடம் என்ற மிகக் குறைந்த தரத்தில் பதிந்துவிடும். பம்பையின் கார்வையெல்லாம் அதில் போய்விடும். ஆகவே டேட் என்னும் வடிவத்தைக் கேளுங்கள், 48,000 வீதத்தில் இரட்டைத் தடமாக 16 பிட்டில் கிடைக்கும்.

ஏற்கெனவே பதிந்ததில் தொலைந்தவை தொலைந்தவையே. அந்தப் பதிவைக் காணொளியோடு சேர்ப்பதானால், காங்கேயத்து வாசகருக்குச் சொன்னதுபோல் முழுவதையும் சீராகச் சுருக்கவோ நீட்டவோ முயல வேண்டாம். தங்கள் கோப்பில் விலகல் படிப்படியாக வளராது. ஒவ்வோர் அறுப்பிலும் திடீரென்று ஒரு படி கூடும். அறுபட்ட இடந்தோறும் கோப்பைப் பிரித்து, திரையில் அச்சான மில்லிநொடி அளவுக்கு வெற்றிடம் விட்டு, அடுத்த துண்டை மேள அடியைப் பார்த்துப் பொருத்துங்கள். திரையில் வந்த செய்திகளைச் சேமிக்காமல் விட்டிருந்தால், கைப்பேசி ஒலியோடு ஒப்பிட்டு ஒவ்வோர் இடைவெளியையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.